பாதித் தலையின் வரலாறு

‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்’ என்பது நம் வீடுகளில் அடிக்கடி புழங்கும் பழமொழி. அடுத்தவர் துன்பம் நமக்கு எளிதில் விளங்காது என்பதற்காகச் சொல்லப்படுவது. ஆனால் தலைவலியையும் காய்ச்சலையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. நெற்றியில் கை வைத்தாலே சுடும். தலைவலிக்கு அப்படி ஒரு சாட்சியும் கிடையாது. ‘வலிக்கிறது’ என்று வலிப்பவர் சொல்வது மட்டுமே சாட்சி. எனவே தலைவலியின் வரலாறு என்பது யார் சொன்னால் நம்பினார்கள், யார் சொன்னால் நம்பவில்லை என்பதன் வரலாறும்கூட. அதனால்தான் அது பெண்களின் வரலாறாகவும் ஆகிறது.

மைக்ரேன் என்று நாம் சொல்லும் ஒற்றைத் தலைவலி, உலகம் முழுவதும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. 1988இல் சர்வதேசத் தலைவலிச் சங்கம் முதன்முதலாகத் தலைவலிகளை வகைப்படுத்தி, எது மைக்ரேன் என்பதற்கு விதிகளை வகுத்தது. சிகிச்சை எடுக்காவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம்வரை நீடிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம். துடிதுடிக்கும் வலி. எழுந்து நடந்தால், படியேறினால் கூடும். இவற்றோடு குமட்டலோ வாந்தியோ இருக்கும். அல்லது வெளிச்சமும் சத்தமும் பொறுக்க முடியாமல் போகும். இந்தப் பட்டியலைப் படிக்கும் பல பெண்கள், தம் அம்மாவோ அத்தையோ தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திப் படுத்திருந்த நாட்களை நினைவுகூரக்கூடும். அந்த நாட்களில் வீட்டில் மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும்.

நோயின் பெயரிலிருந்தே தொடங்கலாம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் கேலன் இதை ‘ஹெமிக்ரேனியா’ என்று குறிப்பிட்டார். கிரேக்க மொழியில் பாதி மண்டை என்று பொருள். அந்தச் சொல் தேய்ந்து தேய்ந்துதான் மைக்ரேன் ஆயிற்று. ஆயுர்வேதம் இதை ‘அர்த்தாவபேதகம்’ என்கிறது, பாதியைப் பிளப்பது. தமிழில் ஒற்றைத் தலைவலி. மூன்று மரபுகளும் ஒரே இடத்தைத் தொட்டிருக்கின்றன. காரணம் சொல்வதிலும் ஒற்றுமை உண்டு. வயிற்றிலிருந்து எழும் பித்தமும் ஆவியும் தலைக்கு ஏறுவதால் வலி வருகிறது என்றார் கேலன். நம் வீடுகளிலும் ‘பித்தத் தலைவலி’ என்பார்கள். மஞ்சளாக வாந்தி எடுத்துவிட்டால் பித்தம் இறங்கிவிட்டது, இனி சரியாகும் என்பார்கள். வாந்திக்குப் பிறகு சிலருக்கு வலி தணிவது உண்மைதான். அந்த அனுபவத்திலிருந்து எழுந்த விளக்கம் இது. ஆனால் இதே விளக்கம் பின்னாளில் பெண்ணின் தலைவலியை அவள் உண்ட உணவின் மீதும், அவளது ஒழுங்கின்மையின் மீதும் சுமத்துவதற்கு வசதியான வழியாகவும் மாறியது.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாழ்ந்த ஆன் கான்வேயின் கதை, இந்த வரலாற்றின் பல இழைகளை ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. 1631இல் லண்டனில் பிறந்தவர். அவர் பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். சகோதரர் கேம்பிரிட்ஜில் படித்தார். பெண் என்பதால் ஆனுக்கு அங்கே இடமில்லை. சகோதரரின் ஆசிரியரான தத்துவவாதி ஹென்றி மோர், கடிதங்கள் வழியாக ஆனுக்கும் தத்துவம் கற்பித்தார். அந்தக் கடிதத் தொடர்பு ஆனின் வாழ்நாள் முழுவதும் நீடித்தது. பன்னிரண்டு வயதை ஒட்டி வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கிய தலைவலி, அவர் 1679இல் இறக்கும்வரை விடவில்லை.

அந்தக் காலத்துப் பெரிய மருத்துவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வி, மண்டை ஓட்டைத் திறந்து பார்க்கலாம் என்று யோசனை சொன்னார். அதற்காக 1656இல் ஆன் பிரான்சுவரை போனார். அங்கே மண்டையைத் திறக்க மருத்துவர்கள் துணியவில்லை. மாறாக இரத்தக் குழாயைத் திறந்து இரத்தத்தை வெளியேற்றினார்கள். பாதரசக் களிம்பு பூசினார்கள்; அது எச்சிலாய் ஊற்றெடுத்து உயிருக்கே ஆபத்தாக முடிந்தது. அதற்குப் பிறகும் பாதரசப் பொடி கொடுத்துப் பார்த்தார்கள். 1666இல் கையால் தடவியே நோயைத் தீர்ப்பவர் என்று புகழ்பெற்றிருந்த வாலண்டைன் கிரேட்ரேக்ஸை அயர்லாந்திலிருந்து வரவழைத்தார்கள். அக்கம்பக்கத்தார் பலரைத் தடவிய அவரால் ஆனின் வலியைத் தொட முடியவில்லை.

மூளையின் உடற்கூற்றியலுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான தாமஸ் வில்லிஸ், 1672இல் வெளியிட்ட லத்தீன் நூலில் பெயர் குறிப்பிடாமல் இந்த நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். வலி வந்தால் ஒரு நாள், இரண்டு நாள், பல சமயம் நான்கு நாள் நீடிக்கும். வெளிச்சம், பேச்சு, சத்தம், அசைவு எதையும் தாங்க முடியாது. இருட்டறையில் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, உணவும் உறக்கமும் இல்லாமல் கிடப்பார் என்று துல்லியமாகப் பதிவு செய்கிறார். அதே பக்கங்களில் இன்னொன்றையும் சொல்கிறார். இந்தப் பெண் தன் பாலினத்துக்கு மீறிய கல்வியும் அறிவும் உடையவர்; இவ்வளவு கொடைகளையும் ஒரு குறையும் இன்றி அனுபவிப்பது அதிகம் என்று இயற்கை கருதியதுபோல் இந்த நோயால் அவரைத் தண்டித்திருக்கிறது என்ற பொருளில் எழுதுகிறார். ஒரு மருத்துவரின் நோய்க் குறிப்புக்குள் தண்டனை என்ற சொல் எவ்வளவு இயல்பாக வந்து உட்காருகிறது பாருங்கள். ஹார்விக்கு மூட்டுவாதம் இருந்தது. அவர் மிகுதியாக அறிந்ததற்காக இயற்கை அவரைத் தண்டித்தது என்று யாரும் எழுதவில்லை.

ஆன் எப்படிச் சமாளித்தார்? மருத்துவத்தால் அல்ல. வலி விட்ட இடைவெளிகளில் படித்தார், எழுதினார். 1670இல் அவரைக் குணப்படுத்த வந்த பிரான்சிஸ் மெர்குரி வான் ஹெல்மான்ட்டாலும் நோயைத் தீர்க்க முடியவில்லை. ஆனால் அவர் ஆனின் ராக்லி வீட்டிலேயே தங்கி, கடைசிவரை உரையாடல் துணையாக இருந்தார். பிற்காலத்தில் ஆன் தன்னைச் சுற்றிக் குவேக்கர் பெண்களைப் பணிக்கு வைத்துக்கொள்ள விரும்பினார். குவேக்கர்கள் அன்று இங்கிலாந்தில் சிறைக்கும் அவமானத்துக்கும் ஆளாகிக்கொண்டிருந்த சமயக் குழுவினர். அவர்கள் அமைதியானவர்கள், தாமே துன்பத்தை அறிந்தவர்கள், அவர்கள் அருகில் இருப்பது ஆறுதலாக இருக்கிறது என்று மோருக்கு எழுதினார். இறுதியில் குடும்பத்தின் எதிர்ப்பையும் நண்பரின் வருத்தத்தையும் மீறித் தானும் குவேக்கராகவே ஆனார். சத்தமில்லாத அறையும் விளக்கம் கேட்காத துணையும்தான் அவர் கண்டடைந்த சிகிச்சை. பணம் இருந்ததால் அவருக்கு அது வாய்த்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த அமைதியான பணிப்பெண்களில் யாருக்காவது தலை வலித்திருந்தால் அவர்கள் எந்த அறையில் படுத்தார்கள் என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை.

ஆன் எழுதிய குறிப்பேடு, அவர் இறந்து பதினொரு ஆண்டுகள் கழித்து, 1690இல் ஆம்ஸ்டர்டாமில் லத்தீனில் நூலாக வந்தது. அதில் அவர் பெயர் இல்லை. தத்துவவாதி லைப்னிஸ் அதை மதித்துப் படித்தார். உடலும் ஆன்மாவும் முற்றிலும் வேறான இரண்டு பொருட்கள் என்ற டெகார்ட்டின் கருத்தை அந்நூல் மறுக்கிறது. அதற்கு ஆன் முன்வைத்த வாதங்களில் ஒன்று வலி. ஆன்மா உடலிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது என்றால், உடல் காயப்படும்போது ஆன்மா ஏன் துடிக்க வேண்டும்? உடைந்த தேருக்காகத் தேரோட்டி வருந்தலாம். ஆனால் தேரின் முறிவு அவன் எலும்பில் வலிக்காது அல்லவா? தேரோட்டி உவமை நம்முடையது, வாதம் அவருடையது. இருட்டறையில் கிடந்த ஒரு பெண், தன்னை வீழ்த்திய அந்த வலியையே சாட்சிக் கூண்டில் ஏற்றித் தன் காலத்தின் மிகப் பெரிய தத்துவத்தைக் கேள்வி கேட்டிருக்கிறார்.

ஆனால் வலி உயிர்களைத் தூய்மைப்படுத்தி நன்மையை நோக்கி நகர்த்துகிறது என்றும் அவர் நம்பினார். அந்த இடத்தில் நாம் அவரோடு உடன்பட வேண்டியதில்லை. பொறுத்தால் புடம்போட்ட பொன்னாவாய் என்று பெண்களிடம் சொல்லாத சமயமே இல்லை. தீராத வலிக்குப் பொருள் தேடுவது நோயாளியின் உரிமை. அந்தப் பொருளை மற்றவர்கள் எடுத்து அவளுக்கே உபதேசமாகத் திருப்பித் தருவதுதான் வன்முறை.

ஆனின் நோய்க்கு மைக்ரேன் என்ற இன்றைய பெயரை அப்படியே ஒட்டிவிடவும் கூடாது. இறந்தவர்களுக்கு நோய்ப் பெயர் சூட்டுவதில் உள்ள சிக்கலுக்கு நல்ல எடுத்துக்காட்டு, 12ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் துறவி ஹில்டகார்ட். அவர் தாம் கண்ட ஒளிக்காட்சிகளை நூல்களாக எழுதினார், இசையமைத்தார், மடம் நிறுவினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் சிங்கர் என்ற வரலாற்றாளர், அந்தக் காட்சிகள் மைக்ரேனுக்கு முன் தோன்றும் ஒளித் தோற்றங்களே என்றார். ஆலிவர் சாக்ஸ் 1970இல் வெளியிட்ட நூல் வழியாக அது பரவலாக ஏற்கப்பட்டது. கேத்தரின் ஃபாக்ஸ்ஹால் என்ற வரலாற்றாளர் இதை விரிவாகக் கேள்விக்குட்படுத்தினார். ஒரு பெண்ணின் சிந்தனையையும் கலையையும் நரம்பின் கோளாறாகச் சுருக்குவது எவ்வளவு எளிதாக நடந்துவிடுகிறது!

ஆண் அறிஞர்களுக்கு நேர்ந்தது வேறு. 1870இல் ஹூபர்ட் ஏரி என்ற ஆங்கிலேய மருத்துவர், தன் கண்முன் விரிந்த கோட்டைச்சுவர் போன்ற ஒளிக்கோடுகளை அழகாக வரைந்து அறிவியல் இதழில் வெளியிட்டார். அரசு வானியலாளரான அவர் தந்தைக்கும் அதே தோற்றம் வந்ததுண்டு. அறிஞர்களின் கண்ணில் தோன்றியபோது அது கூர்ந்து நோக்கத்தக்க இயற்கை நிகழ்வாயிற்று. பெண்களுக்கு வந்த வாந்தியோடு கூடிய தலைவலி நரம்புத் தளர்ச்சியாகவும், ஹிஸ்டீரியாவின் உறவாகவும், உணவுக் கட்டுப்பாடு இல்லாமையாகவும் பேசப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் ஜான் ஃபோதர்கில் என்ற மருத்துவர், வாந்தித் தலைவலிக்கு வெண்ணெயும் கொழுப்பும் மிகுந்த உணவே காரணம் என்று எழுதியிருந்தார். கண்ணில் வந்தால் அறிவு, வயிற்றில் வந்தால் ஒழுக்கக் குறைவு.

மருந்தின் கதைக்கு வருவோம். அங்கும் பெண்கள் இருக்கிறார்கள், பெயரில்லாமல். கம்புபோன்ற ரை தானியத்தின் கதிரில் வளரும் எர்கட் என்ற பூஞ்சை, ஐரோப்பிய மருத்துவச்சிகளின் கையில் இருந்த மருந்து. பிரசவ வலியைத் தூண்ட அதைப் பயன்படுத்தினார்கள். 16ஆம் நூற்றாண்டு மூலிகை நூலிலேயே அந்தப் பயன்பாடு பதிவாகியிருக்கிறது. 1808இல் ஜான் ஸ்டியர்ன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் அதைப் பற்றி எழுதியபோது மருத்துவ உலகம் கவனித்தது. அவருக்கே ஓர் எளிய பெண்மணி சொல்லித்தான் தெரியும். அந்தப் பெண்ணின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. 1918இல் ஸ்விட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் ஆர்தர் ஸ்டோல் அந்தப் பூஞ்சையிலிருந்து எர்கட்டமைனைப் பிரித்தெடுத்தார். 1920களில் அது மைக்ரேனுக்கு மருந்தாயிற்று. இன்றும் இந்திய மருந்துக் கடைகளில் எர்கட்டமைன், காஃபீன், பாராசிட்டமால், வாந்தியை அடக்கும் மருந்து நான்கும் சேர்ந்த மாத்திரை கிடைக்கிறது. மருத்துவச்சியின் மடியிலிருந்து வந்த மருந்து அது.

எர்கட்டமைன் எப்படி வேலை செய்கிறது என்று 1930களில் ஆராய்ந்தவர் நியூயார்க்கின் ஹெரால்ட் வுல்ஃப். பொட்டில் ஓடும் இரத்தக் குழாயின் துடிப்பு அடங்கும்போது வலியும் அடங்குவதைக் காட்டினார். நல்ல ஆய்வு. ஆனால் அதோடு நிற்காமல் ‘மைக்ரேன் ஆளுமை’ என்று ஒன்றையும் உருவாக்கினார். இந்நோயுள்ளவர்கள் லட்சிய வெறியும் எதிலும் முழுமை தேடும் இறுக்கமும் உடையவர்கள் என்றார். ஆணுக்கு அது வெற்றியின் விலை. பெண்களைப் பற்றி எழுதும்போது மட்டும் அவர்களது தாம்பத்திய உறவின் அதிருப்திவரை ஆராய்ச்சி போயிற்று. ஜோஆனா கெம்ப்னர் என்ற சமூகவியலாளர் 2014இல் வெளியிட்ட நூலில் இந்த மரபைத் தோலுரித்துக் காட்டுகிறார். மைக்ரேன் பெண்களின் நோய் என்று முத்திரை விழுந்ததாலேயே அதற்குரிய மதிப்பும் ஆராய்ச்சிப் பணமும் கிடைக்கவில்லை என்பது அவர் வாதம்.

இந்த அவமதிப்புக்கு அஞ்சிப் பெண்கள் நோயை மறைத்தார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஜோன் டிடியன் 1968இல் எழுதிய கட்டுரை ஒன்றில், வேலைக்கான விண்ணப்பப் படிவங்களில் தனக்கு மைக்ரேன் உண்டா என்ற கேள்விக்குப் பொய்யான பதிலையே குறித்து வந்ததாகச் சொல்கிறார். நம் ஊரில் படிவத்தில் கேட்பதில்லை. ஆனால் விடுப்புக் கடிதத்தில் ‘தலைவலி’ என்று எழுதத் தயங்கி ‘காய்ச்சல்’ என்று எழுதாத பெண் ஊழியர்கள் எத்தனை பேர்? பழமொழியின் இரண்டு சொற்களில் எது செல்லுபடியாகும் என்பது நமக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது அறிவியல் என்ன சொல்கிறது? மைக்ரேன் மூளையின் நோய். பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பூப்புக்கு முன் சிறுமிகளுக்கும் சிறுவர்களுக்கும் ஏறக்குறைய சமமாகவே இருக்கிறது. பிறகுதான் பெண்களிடம் பல மடங்காகிறது. மாதவிடாய்க்கு முன் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்குவது வலியைத் தூண்டும் என்பதை 1972இல் ஆஸ்திரேலியாவில் பிரையன் சோமர்வில் காட்டினார். வலியின்போது சிஜிஆர்பி என்ற புரதக்கூறு வெளியாவதைக் கண்டறிந்தது அடுத்த பெரிய படி. அதைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2018 முதல் வந்திருக்கின்றன. விலைதான் நம்மில் பலருக்கு எட்டாதது. கர்நாடகத்தில் நடந்த ஒரு பெரிய கள ஆய்வில், வயதுவந்தவர்களில் 25.2 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்திருந்தது தெரியவந்தது. நான்கில் ஒருவர். அங்கும் பெண்களே அதிகம்.

வாந்தியைப் பற்றிய பழைய விளக்கமும் தலைகீழாகிவிட்டது. வயிறு தலையைக் கெடுப்பதில்லை. மூளையில் தொடங்கும் கோளாறு வயிற்றை நிறுத்துகிறது. வலி வரும்போது இரைப்பை உணவைக் கீழே தள்ளும் வேலையை மந்தமாக்கிவிடுகிறது. அதனால் விழுங்கிய மாத்திரை குடலுக்குப் போகாமல் தேங்கும். அல்லது வாந்தியில் வெளியே வந்துவிடும். ‘எத்தனை மாத்திரை போட்டாலும் கேட்கவில்லை’ என்று பெண்கள் சொன்னபோது அவர்கள் மிகைப்படுத்தவில்லை. மாத்திரையை வலியின் தொடக்கத்திலேயே எடுப்பது, வாந்தியை அடக்கும் மருந்தைச் சேர்த்து எடுப்பது, வாந்தி கடுமையாக இருப்பவர்களுக்கு ஊசியோ மூக்கில் அடிக்கும் மருந்தோ தருவது ஆகியவை இதிலிருந்து பிறந்த வழிகள். 1991இல் வந்த சுமாட்ரிப்டான் முதலில் ஊசியாகத்தான் புகழ்பெற்றது.

இரண்டு எச்சரிக்கைகளை இளம் வாசகர்கள் மனதில் கொள்ள வேண்டும். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, எர்கட்டமைன், டிரிப்டான் அல்லது கூட்டு மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து எடுத்தால் அந்த மருந்தே தலைவலியை உண்டாக்கும். அப்படிப்பட்டவர்களுக்குத் தேவை வலி வராமல் தடுக்கும் மருந்து. அதை மருத்துவரிடம் கேட்டுப் பெற வேண்டும். அடுத்து, வலிக்கு முன் கண்ணில் ஒளிக்கோடுகள் தோன்றும் வகை மைக்ரேன் உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை எடுத்தால் பக்கவாத அபாயம் கூடுகிறது. அவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். கருத்தடை மாத்திரை எழுதும்போது ‘உங்களுக்குத் தலைவலி உண்டா, கண்ணில் ஏதாவது தெரியுமா’ என்று கேட்கப்படுவது சலுகை அல்ல, உரிமை. கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. ‘தலைக்குக் குளித்தால் எனக்குத் தலைவலி வந்துவிடும்’ என்று நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். மேலைநாட்டு மருத்துவ நூல்களின் தூண்டுகாரணப் பட்டியலில் அது இல்லை. எனவே அது மூடநம்பிக்கையாக, சாக்குப்போக்காகப் பார்க்கப்பட்டது. 2006இல் மும்பையைச் சேர்ந்த தலைவலி நிபுணர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளிப்பதால் மைக்ரேன் தூண்டப்பட்ட 94 இந்திய நோயாளிகளைப் பற்றிச் சர்வதேசத் தலைவலி இதழில் எழுதினார். புதிய கருவி எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் சொன்னதைக் கேட்டார், எண்ணினார், எழுதினார்.

விரதத்தன்று வெறும் வயிறு, வெயிலில் பேருந்துக்கு நின்ற நேரம், எல்லோரும் உண்டபின் மூன்று மணிக்கு உண்ட மதிய உணவு, மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு நாட்கள், தூங்காத இரவு. எது எப்போது வலியைக் கொண்டுவருகிறது என்பதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தால், மூன்று மாதத்தில் மருத்துவரின் மேசையில் வைக்கத்தக்க ஆவணம் ஒன்று உருவாகிவிடும். வெப்பமானி இல்லாத வலிக்கு அந்த நோட்டுதான் அளவுகோல். ஆன் கான்வேயின் குறிப்பேட்டை அவர் பெயர் இல்லாமல் அச்சிட்டார்கள். நம் நோட்டின் முதல் பக்கத்தில் நம் பெயரை நாமே எழுதிக்கொள்வோம்.